எறிந்தது திரும்புமா?

பூமராங் என்ற சொல் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குப் பிழைப்பே நடக்காது. ஒரு தலைவர் இன்னொருவர் மேல் குற்றம் சுமத்தி, அது அவர் தலையிலேயே வந்து விடிந்தால், உடனே ‘பூமராங் ஆனது’ என்று தலைப்புப் போட்டுவிடுவோம். வீட்டு விவகாரத்திலும் இது உண்டு. மாமியாரைப் பற்றிக் கிணற்றடியில் சொன்ன ஒரு வார்த்தை, விளக்கு வைப்பதற்குள் மாமியார் காதுக்கே வந்து சேருகிறதல்லவா? அதுவும் பூமராங்தான்!

எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் வளைந்த தடி. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களுடையது. சிட்னி நகரைச் சுற்றி வாழ்ந்த தாருக் மக்களின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. இவ்வளவு நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அதற்கு நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் பெயர் வளரி. வளைதடி, வளைரி, வல்லரித் தடி என்றெல்லாம் சொல்வார்கள். சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளில் மறவர்களும் கள்ளர்களும் கையாண்ட ஆயுதம் அது.

இந்த வளரியைப் பற்றி நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் நாத்தனார் மகள். வயது பதினொன்று. கேள்வி கேட்பதில் வக்கீல்.

தம்மம்பட்டி என் புகுந்த வீட்டு ஊர். சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகப் போகவேண்டும். ஒரு பக்கம் கொல்லிமலை, மறு பக்கம் பச்சைமலை. மரச் சிற்பங்களுக்குப் பெயர் போன ஊர். சென்ற விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு அந்தப் பெண் தயார் செய்துகொண்டிருந்தாள். தலைப்பு ‘தமிழர் ஆயுதங்கள்’. யாரோ எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை நீட்டினாள். “உலகத்துக்கே பூமராங்கைக் கொடுத்தவன் தமிழன். எதிரியைச் சாய்த்துவிட்டு எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் வளரி!” என்று அதில் இருந்தது.

“இது நெசமா, அத்தை?” என்றாள்.

என் மாமியார் திண்ணையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே தீர்ப்பு வழங்கிவிட்டார். “நெசமோ பொய்யோ, கேக்க நல்லா இருக்குதில்ல? அப்படியே சொல்லிப்புடு கண்ணு. கை தட்டுவாங்க!”

பெண் என் முகத்தையே பார்த்தாள். ‘கை தட்டல் எனக்குத் தெரியும், உண்மை என்ன?’ என்பது அந்தப் பார்வையின் பொருள். சகோதரிகளே, அந்த வயதில் ஒரு குழந்தைக்கு நாம் சொல்கிற பதில் சும்மா போகிறதில்லை. நாளைக்கு வேறு எவராவது அதைப் பொய் என்று காட்டிவிட்டால், ஊரின் பெருமை முழுவதும் பொய்தானோ என்று அது நினைத்துவிடும். ஆகவே இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டேன்.

முதலில் உலகக் கதையைப் பார்த்துவிடுவோம்.

போலந்து தேசத்தின் தெற்கே ஒப்வசோவா என்று ஒரு குகை இருக்கிறது. 1985-ல் அங்கே ஆராய்ச்சி செய்தவர்களுக்கு மாமத யானையின் தந்தத்தில் செதுக்கிய வளைந்த தடி ஒன்று கிடைத்தது. நீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். வெகு காலமாக அதன் வயதைச் சுமார் 23,000 ஆண்டு என்று சொல்லி வந்தார்கள். 2025-ல் வெளியான மறு ஆராய்ச்சி அதை 39,000 முதல் 42,000 ஆண்டு வரை பின்னுக்குத் தள்ளிவிட்டது! ஆஸ்திரேலியாவிலோ, தெற்குப் பகுதியிலுள்ள வைரி சதுப்பு நிலத்தில் 1973-ல் மரத்தாலான பூமராங்குகள் அகப்பட்டன. அவற்றுக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. மண்ணுக்கும் நீருக்கும் அடியில் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம் மக்காமல் தப்பியது.

எகிப்தில் 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் திறந்த துத்தன்காமன் மன்னனின் கல்லறையிலும் எறிதடிகள் இருந்தன. சதுப்பு நிலத்தில் பறவை வேட்டையாட எகிப்தியர்கள் இத்தகைய தடிகளை வீசுவார்கள். அமெரிக்காவின் தென்மேற்கே ஹோப்பி இந்தியர்களுக்கு முயல் அடிக்க வளைந்த தடி உண்டு. நம் இந்தியாவிலேயே குஜராத்துப் பக்கம் கோலி மக்களிடம் கட்டாரியா என்ற எறிதடி இருந்தது.

பார்த்தீர்களா? ‘முதன் முதலில் கண்டுபிடித்தது யார்?’ என்று கேட்டால் எந்தத் தேசத்தைக் கைகாட்டுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில ஐரோப்பிய அறிஞர்கள், ஆஸ்திரேலியாவிலும் தமிழ்நாட்டிலும் இந்தத் தடி இருப்பதைப் பார்த்து, இரண்டு மக்களும் ஒரே வம்சமாக இருக்க வேண்டும் என்றுகூட யோசித்தார்கள். போலந்துக் குகையும் எகிப்துக் கல்லறையும் அந்த யோசனையை ஆட்டம் காணச் செய்துவிடுகின்றன. வளைந்த கிளை இல்லாத காடு எங்கே இருக்கிறது? அதை எடுத்து வீசிப் பார்க்காத மனிதன்தான் எங்கே இருக்கிறான்? தோசை வார்ப்பதற்கு ஒரு தட்டையான கல் வேண்டும் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒருவர் போய்ச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? தேவை ஒன்றாக இருந்தால் கருவியும் ஒன்றுபோல் வந்துவிடுகிறது.

இருக்கட்டும். பெண் கேட்ட அடுத்த கேள்விக்கு வருவோம். வளரி திரும்பி வருமா?

இதற்குப் பதில் சொல்ல, பூமராங் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்தாக வேண்டும். திரும்பி வரும் பூமராங் லேசானது. அதன் இரண்டு கைகளும் விமானத்தின் இறக்கையைப் போல ஒரு புறம் சற்றுக் குவிந்தும் மறு புறம் தட்டையாகவும் இருக்கும். அதைப் படுக்கையாக எறிவதில்லை. ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி, சுழலும்படி வீசுவார்கள். சுழலும்போது மேலே வருகிற கை, பறக்கும் திசையிலேயே முன்னால் பாய்கிறது. கீழே போகிற கை பின்னால் போகிறது. ஆகவே மேல் கைக்குக் காற்றின் வேகம் அதிகம், கீழ் கைக்குக் குறைவு. மேல் பக்கம் பலமாகவும் கீழ்ப் பக்கம் லேசாகவும் தள்ளப்படுவதால் தடி ஒருக்களித்துக் கவிழ்ந்துவிட வேண்டும். ஆனால் கவிழ்வதில்லை!

ஏன்? தெருவில் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடும் பையனைக் கவனியுங்கள். ஓடுகிற டயர் இடப் பக்கம் சாய்ந்தால் பொத்தென்று விழுவதில்லை. இடப் பக்கமாக வளைந்து திரும்புகிறது. சுழலும் பொருளின் குணம் அது. பூமராங்கும் அதே போல, கவிழ்வதற்குப் பதிலாகத் திரும்புகிறது. திரும்பித் திரும்பி ஒரு வட்டமே போட்டு வந்துவிடுகிறது. 2008 மார்ச் மாதம் ஜப்பானிய விண்வெளி வீரர் தகாவோ தோய், பூமிக்கு மேலே சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் ஒரு சிறு பூமராங்கை வீசிப் பார்த்தார். எடையில்லாத அந்த இடத்திலும் அது திரும்பி வந்தது. திருப்புவது காற்றும் சுழற்சியும்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

வளரி அந்த ஜாதி அல்ல. பிறை நிலவைப் போல வளைந்திருக்கும்; ஒரு முனை கனம், மறு முனை லேசு. உறுதியான மரத்தில் செய்வார்கள். சில சமயம் இரும்பிலும் உண்டு. லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் இரண்டு மூன்று தடவை சுழற்றி, வேகம் கூட்டி, குறி பார்த்து விடுவார்கள். முயல், காட்டுக் கோழி, மான் மட்டுமல்ல, மனிதனும் தப்ப முடியாது. அது பாய்ந்து அடிக்கப் பிறந்தது. வட்டம் போடப் பிறந்தது அல்ல. கனத்த தடி குறியில் பட்ட பிறகு திரும்பி வருவது எப்படி? ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் வேட்டைக்கு எடுத்துப் போனது பெரும்பாலும் திரும்பாத கனத்த தடியைத்தான். திரும்பும் வகை விளையாட்டுக்கும், பறவைக் கூட்டத்தை மிரட்டி வலைக்குள் விரட்டுவதற்கும். போலந்துத் தந்தத் தடியும் திரும்பாத வகை என்றே சொல்கிறார்கள்.

ஆகவே, ‘திரும்பி வராது’ என்பது வளரிக்குக் குறை அல்ல. அம்பு திரும்பி வருகிறதா? எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி என்று அடுத்தடுத்துத் துளைத்ததாகப் புறநானூற்றில் புகழ் இருக்கிறது. அந்த அம்பு ஓரியின் கைக்குத் திரும்பியது என்று எந்தப் புலவரும் பாடவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை!

இதை என் மாமியாரிடம் சொன்னேன். புளி ஆய்வதை நிறுத்தாமலே, “நாங்களும் சின்னப் புள்ளையில புளியமரத்துல தடி வீசுனவங்கதான். பாதித் தடி மரத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கும். திரும்பி வந்த தடிய நானும் பாக்கல சாமி!” என்றார். விஞ்ஞானம் எங்கள் வீட்டில் இவ்விதமாக அங்கீகாரம் பெற்றது.

மறுநாள் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு சிற்ப வேலை நடக்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். வாகை மரத்து விநாயகர்களும், கதவுக்குப் போகிற யாளிகளும் பாதி முடிந்த நிலையில் நின்றன. தம்மம்பட்டி மரச் சிற்பத்துக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெருமையை உளி பிடிப்பவர்களின் கைதான் சம்பாதித்தது. வளரியின் படத்தைக் காட்டி, இதை மரத்தில் செய்ய முடியுமா என்று கேட்டேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“பாக்கறதுக்குன்னா பலகையிலேயே அறுத்துக் குடுத்துடலாம்மா. வீசறதுக்குன்னா அது ஆவாது. பலகையில வளைச்சு அறுத்தா, நார் ஓடற வழி நடுவுல அறுபட்டுப் போயிரும். ஒரு வீச்சுல வளைவுலயே ஒடியும். மரத்துலயே வளைஞ்ச கிளையாப் பாத்து எடுக்கணும். நாரும் அதோட சேந்து வளைஞ்சிருக்கும்” என்றார்.

எனக்கு வியப்பாகப் போய்விட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் செய்வதும் அதுதான்! அடிமரமும் வேரும் சேரும் இடத்தில் இயல்பாக வளைந்திருக்கிற கட்டையைத் தேடிப் பிடித்துத்தான் பூமராங் செதுக்குகிறார்கள். இந்தப் பெரியவர் ஆஸ்திரேலியாவைப் பார்த்ததில்லை, வளரியையும் பார்த்ததில்லை. மரம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

“நீங்க செய்யறீங்களா, தாத்தா?” என்றாள் பெண்.

“செஞ்சுடுவேன் கண்ணு. வீசறது யாரு?” என்றார் அவர்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. செய்வது ஒரு வித்தை, வீசுவது இன்னொரு வித்தை. வளரி விஷயத்தில் நமக்குக் கை நழுவிப் போனது இரண்டாவதுதான். எப்படிப் போயிற்று என்று கேளுங்கள்.

சிவகங்கைச் சீமையை அறியாதவர் யார்? 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைக் கம்பெனிப் படைக்குப் பலி கொடுத்த ராணி வேலு நாச்சியார், விருப்பாச்சிக்குச் சென்று எட்டு ஆண்டு காத்திருந்து, 1780-ல் சீமையை மீட்டார். இளம் வயதில் வாள், சிலம்பம் ஆகியவற்றுடன் வளரியும் கற்றவர் என்று சிவகங்கை மக்கள் சொல்வார்கள். அவருக்குத் துணை நின்றவர்கள் மருது சகோதரர்கள். அவர்களில் இளையவரான சின்ன மருது வளரி வீச்சில் தேர்ந்தவர்.

கம்பெனிப் பட்டாளத்தில் ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஓர் இளம் அதிகாரி இருந்தார். 1795-ல் அவர் மதுரைப் பக்கம் வந்திருந்தார். சின்ன மருதுவுக்கும் அவருக்கும் சிநேகம் உண்டாயிற்று. நல்ல அரிசியும் பழமும் அவருக்குப் போய்ச் சேரும். ஈட்டி எறிவதையும் வளரி வீசுவதையும் அவருக்குக் கற்றுக் கொடுத்தவரே சின்ன மருதுதான்! நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போலச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஆறு ஆண்டு கழித்து யுத்தம் வந்தது. 1801 ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையில் மருதுவின் பிரகடனம் ஒட்டப்பட்டது. கம்பெனி படை எடுத்தது. அந்தப் படையில் வெல்ஷும் இருந்தார். கற்றுக் கொடுத்தவரைக் காட்டில் துரத்துகிற கூட்டத்தில் கற்றுக் கொண்டவர்! கால் எலும்பு முறிந்து பிடிபட்ட சின்ன மருதுவையும், அவர் அண்ணன் பெரிய மருதுவையும், 1801 அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, மீசை அரும்பாத பிள்ளை; அவனைப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் வெல்ஷ் பினாங்கு போயிருந்தபோது, தளர்ந்து உருக்குலைந்த ஒரு மனிதர் அவர் முன் வந்து நின்றார். யார் என்று கேட்டால், துரைசாமி! இளமையிலேயே கிழவராகிவிட்டார்.

யுத்தம் முடிந்த கையோடு, தென் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்தது கம்பெனி அரசாங்கம். கோட்டைகள் இடிந்தன. வளரி பயிலும் இளைஞனுக்குக் களமும் இல்லை, ஆசானும் இல்லை. ஒரு நூறாண்டு போயிற்று. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், 1900-க்குப் பிறகு வளரியைப் பற்றி விசாரித்தபோது, புதுக்கோட்டையிலிருந்து கிடைத்த தகவல் என்ன தெரியுமா? வீசத் தெரிந்த நிபுணர் இப்போது எவரும் இல்லை. எப்போதாவது முயல் வேட்டைக்கு எடுப்பதுண்டு. மற்றபடி பூஜை அறையில் பத்திரமாக இருக்கிறது. ஆயுத பூஜையன்று எடுத்துச் சுத்தம் செய்து, மறுபடி வைத்துவிடுகிறார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்த தந்த வளரிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு மங்கலச் செய்தியும் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். கள்ளர் குலத்தில் ஒரு பிரிவினரிடையே, கல்யாணத்தின்போது பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததாம். நாம் நிச்சயத்துக்குத் தாம்பூலம் மாற்றுவதைப் போல! ‘என் வீட்டுக் காவலை உன்னிடம் தருகிறேன், உன் வீட்டுக் காவலை என்னிடம் தா’ என்பதாக எனக்குத் தோன்றியது. வைரத் தோட்டைவிட நல்ல சீதனம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ!

இப்போது கவனியுங்கள். வெல்ஷ் துரை ஊருக்குத் திரும்பி, தம் நினைவுகளை 1830-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அதில் சின்ன மருதுவை மறைக்கவில்லை. அவருடைய பெருந்தன்மையையும், எவரும் எளிதில் அணுகக்கூடிய சுபாவத்தையும் எழுதினார். தேர்ந்த கையில் வளரி நூறு கஜ தூரத்துக்குள் குறி தவறாது என்றும் எழுதினார். தாம் துரத்திய மனிதரே தம் ஆசான் என்பதையும் ஒப்புக்கொண்டு எழுதினார். மருதுவின் வீட்டார் சிதறிப் போனார்கள். சீமையிலிருந்த வளரிகள் மௌனமாயின. ஆனால் வளரி எவ்வளவு தூரம் போகும், அதை வீசிய கை எப்படிப்பட்டது என்று இன்று நாம் தைரியமாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த அந்நியனுக்குச் சின்ன மருது மனம் கோணாமல் கற்றுக் கொடுத்ததுதான் காரணம்.

வளரி திரும்பி வராது. கற்றுக் கொடுத்தது, முப்பத்தைந்து ஆண்டு கழித்து, கடல் கடந்து, எதிரியின் எழுத்தாகத் திரும்பி வந்துவிட்டது!

இதைத்தான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். ‘உலகத்துக்கே கொடுத்தவன் தமிழன்’ என்ற வாக்கியம் போயிற்று. ‘கைக்கே திரும்பி வரும்’ என்பதும் போயிற்று. அந்த இடத்தில் சின்ன மருதுவும் வெல்ஷும் வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், துரைசாமி பினாங்கில் நின்ற இடம் வந்ததும் புளியைக் கீழே வைத்துவிட்டார். “அந்தப் புள்ளைய யாரும் திருப்பிக் கூட்டியாரலயா?” என்று மட்டும் கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற சில இடங்களில் வளரி வீசவும் பழக்குகிறார்கள். புத்தகத்தைப் பார்த்தும், பெரியவர்கள் சொன்னதைக் கேட்டும், விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். பெண் குழந்தைகளும் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல சேதிதான்.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன், சகோதரிகளே. அடுத்த ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையையும் தையல் மெஷினையும் துடைத்துப் பொட்டு வைப்பீர்கள் அல்லவா? அப்போது பரணையும் ஒரு முறை பாருங்கள். பெயர் தெரியாத சாமான் ஏதாவது இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடை போடுவதற்கு முன், வீட்டில் வயதானவர் ஒருவரைக் கூப்பிட்டு, “இதற்கு என்ன பெயர்? எப்படிப் பிடிப்பது?” என்று கேளுங்கள். கேட்கும்போது பக்கத்தில் ஒரு குழந்தையையும் உட்கார வையுங்கள். சாமானை அலமாரியில் பூட்டிக் காப்பாற்றிவிடலாம். அதைப் பிடிக்கிற விதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால்தான் உண்டு.